மூன்றாம் கிணறு, நான்காம் கிணறு

1

போன வசந்தத்தில் ஒரு திங்கட்கிழமை, வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தேன்: எங்கள் வீட்டுப் பழுப்புத் தொட்டியில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. இந்த ஜெர்மன் சிற்றூரில் அது கிட்டத்தட்ட ஊர்க் கூட்டத்தில் நிறுத்தி வைத்துக் கேட்பது மாதிரி. காய்கறிக் கழிவுக்கான தொட்டியில் பிளாஸ்டிக் கிடந்ததாம். அள்ளாமல் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். குனிந்து பார்த்தால், கறிவேப்பிலைக் காம்பையும் முருங்கைச் சக்கையையும் சுருட்டிப் போட்ட பை. மக்கும் பை என்று எழுதித்தான் விற்கிறார்கள். அந்த மக்கும் பை இந்த ஊர்த் தொட்டியில் செல்லாது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் நான் வேலை பார்ப்பது இதே ஊரின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்து ஆய்வகத்தில்.

குப்பை அள்ளும் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி மன்னிப்புக் கேட்டேன். எதிர்முனையில் இருந்த பெண் "திருமதி தேவசகாயம்" என்று அழைத்துப் பொறுமையாக விதியை விளக்கினார். தேவசகாயம் என் அப்பா. இங்கே வந்த நாளிலிருந்து அப்பாவின் பெயரால்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். என் பெயர் எஸ்தர் என்பது வீட்டுக்குள் மட்டும்.

என் மகள் ரூத்துக்கு இந்த விஷயம் பெரிய சிரிப்பு. தாமதமாகப் பிறந்த ஒரே பிள்ளை. பதினாறு வயது. அந்த வாரம் அவள் பள்ளியில் கழிவு மேலாண்மை பற்றி ஒரு கட்டுரை கொடுத்திருந்தார்கள். வீட்டில் யாராவது சுற்றுச்சூழல் வேலையில் இருந்தால் அவர்களுடைய முதல் ஆய்வைப் பற்றிப் பேட்டி எடுத்து எழுதலாமாம். நான் அலமாரியிலிருந்து ஆறு பக்கக் கட்டுரை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். கள்ளக்குறிச்சிப் பக்கம், கல்வராயன் மலையடிவாரத்தில், ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர் கிணறுகளை என்ன செய்தது என்பது பற்றி. மேலே இரண்டு பெயர்கள். என் பேராசிரியர் பெயர், என் பெயர்.

சொல்லச் சொல்ல அவள் கணினியில் தட்டிக்கொண்டே வந்தாள். நான் "நாங்க நாலு கெணத்துல தண்ணி எடுத்தோம், நாங்க நடந்தோம்" என்று சொல்லிக்கொண்டு போனேன். அவள் நிறுத்திக் கேட்டாள்.

"நாம எடுத்தோமா?"

"நாம இல்லடி. நாங்க."

ஜெர்மனில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அதனால் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு இது குழம்பும். நாம என்றால் நீயும் சேர்த்தி, நாங்க என்றால் நீ இல்லை என்று விளக்கினேன்.

"அப்போ நாங்க என்றால் யார்? நீயும் பேராசிரியருமா?"

"அவர் கெணத்துப் பக்கமே வரல."

"பின்னே யார்? இங்கே வேறு பெயர் இல்லையே அம்மா."

அடுப்பில் ஏதோ கருகுவதைப் போலப் பாவனை செய்துகொண்டு எழுந்து போய்விட்டேன்.

2

அவள் பெயர் செல்வராணி. என்னோடு இளங்கலை வேதியியல் படித்தவள். விடுதியில் எனக்கு அடுத்த பாய்.

அவள் ஊர் மலையடிவாரத்தில். மரவள்ளிக் கிழங்கு விளையும் பூமி. ஊருக்குக் கிழக்கே ஒரு ஜவ்வரிசி ஆலை வந்திருந்தது. கிழங்கை அரைத்து மாவெடுத்த பிறகு மிஞ்சும் சக்கையைத் திப்பி என்பார்கள். அது மாட்டுக்குப் போய்விடும். மிஞ்சும் தண்ணீருக்குத்தான் போக்கிடம் இல்லை. பள்ளம் வெட்டித் தேக்கினார்கள். புளித்த நாற்றம் பேருந்து வளைவு வரைக்கும் வரும்.

மாணவர் ஆய்வுப் போட்டிக்கு ஏதாவது தலைப்பு எழுதித் தரச் சொன்னபோது செல்வராணிதான் சொன்னாள்: "எங்கூரு தண்ணிய எடுத்துப் பாக்கலாம் எஸ்தரு. நாத்தம்னு சொன்னா எவனும் கேக்கல. நெம்பரா சொன்னா கேப்பான் இல்ல?"

நாங்கள் நான்கு கிணறுகளைத் தேர்ந்தெடுத்தோம். முதலாவது மலைக்குப் போகும் பாதையில், தொலைவில். இரண்டாவது பள்ளிக்கூடத்துக் கிணறு. மூன்றாவது செல்வராணியின் அப்பா சாமிக்கண்ணுவின் நிலத்தில். நான்காவது காலனிக் கிணறு. என் சொந்த ஊரில் எங்கள் வீடும் காலனியில்தான். அப்பா மிஷன் பள்ளி ஆசிரியர் என்பதால் எங்கள் வீட்டுக்கு மட்டும் ஓட்டுக்கூரை.

தண்ணீரில் உயிர்வளி, அதாவது ஆக்சிஜன், எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் சோதனை. கண்ணாடிப் புட்டியில் காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீர் பிடித்து, கிணற்றங்கரையிலேயே இரண்டு மருந்துகளைச் சொட்டு விட வேண்டும். உயிர்வளி இருந்தால் தண்ணீர் செம்பழுப்பாகத் திரியும். சுத்தமாக இல்லையென்றால் பால் மாதிரி வெள்ளையாகவே நிற்கும். அப்படி மருந்து விட்டு மூடிய புட்டிகளை அன்றைக்கே ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் அளவெடுக்க வேண்டும்.

பார்ப்பவர்களுக்கு வெள்ளைதான் நல்லதாகத் தெரியும். வெள்ளை என்றால் அந்தத் தண்ணீர் செத்துவிட்டது என்று அர்த்தம்.

செல்வராணிக்குக் கை நடுங்காது. அதனால் மருந்து விடுவது அவள். பள்ளத்திலிருந்து கிணறு எத்தனை தப்படி என்று நடந்து அளந்து நோட்டில் எழுதுவது நான். மூன்றாம் கிணற்றிலும் நான்காம் கிணற்றிலும் அவள் புட்டி பிடித்தபோது நான் பக்கத்தில் இல்லை. வரப்பில் தப்படி எண்ணிக்கொண்டிருந்தேன். நான் திரும்பி வந்தபோது நான்கு புட்டிகளும் ஈரச்சாக்கு சுற்றிய வயர் கூடைக்குள் இருந்தன.

3

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் மூண்டிருந்த காலம். வட மாவட்டங்கள் முழுக்கச் சாலை மறியல். நாங்கள் விடியற்காலை முதல் பேருந்தில் வந்திறங்கினோம். பத்து மணிக்குத் திரும்பும் பேருந்து வரவில்லை. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருக்கிறார்கள் என்று சைக்கிளில் வந்த ஒருவர் சொன்னார்.

போராடியது செல்வராணியின் சமூகம். அவர்கள் கேட்டது படிப்பிலும் வேலையிலும் ஒரு பங்கு. அதே மாதிரிப் பங்கில்தான் என் அப்பா ஆசிரியரானார், நான் கல்லூரிக்கு வந்தேன். ஆகவே அவர்கள் கேட்டது தப்பென்று என்னால் நினைக்க முடியவில்லை. ஆனால் சில ஊர்களில் காலனிக் குடிசைகள் எரிந்ததாகவும் செய்தி வந்துகொண்டிருந்தது. நியாயம் என்று புரிவதும் பயமும் ஒரே வயிற்றில் இருந்தன.

"நடந்துடலாம்" என்றாள் செல்வராணி. "சாயங்காலத்துக்குள்ள போய்ச் சேந்துடலாம். இல்லன்னா புட்டி வீணாப்பூடும்."

கூடையின் இரண்டு காதையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு நடந்தோம். ஏழெட்டுக் கிலோமீட்டர் போயிருப்போம். ஒரு பெரிய புளியமரம் சாலையை அடைத்துக் கிடந்தது. அதன் மேலும் பக்கத்திலும் இருபது முப்பது ஆண்கள்.

"நில்லும்மா. கூடையில இன்னா?"

"தண்ணிங்க. காலேஜிக்கு" என்றாள் செல்வராணி.

ஒருவர் சாக்கை விலக்கிப் பார்த்தார். கண்ணாடி மூடி போட்ட புட்டிகள், உள்ளே நிறம் நிறமாய் ஏதோ படிந்திருக்கிறது. அவர் சட்டென்று பின்னால் நகர்ந்தார்.

"ஆசிட்டுடா. ஆசிட்டு எத்தினு போறாளுங்க."

கூடையைப் பறித்துக் கீழே கவிழ்த்தார்கள். புட்டிகள் ஈரத்தில் உருண்டன. நல்லவேளை, வெட்டிய தழை மேல் விழுந்ததால் உடையவில்லை.

"எந்தூரு நீ?" என்று என்னைக் கேட்டார் ஒருவர். ஊர்ப் பெயரைச் சொன்னேன். "எந்தத் தெரு?" என்றார். நான் செல்வராணியைப் பார்த்தேன்.

"என் கூடப் படிக்கிற பொண்ணு. அது போதாதா உனுக்கு?" என்றாள் செல்வராணி.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஓர் இளைஞர் வந்தார். அவளுடைய அண்ணன் ஏழுமலை. நான் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. தங்கையின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய், மரத்தின் அடிப்பக்கம் நிறுத்திப் பேசினார். அவள் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னாள். புட்டிகளைக் காட்டினாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

நான் உட்கார்ந்து புட்டிகளைப் பொறுக்கினேன். இரண்டில் காகித ஒட்டு இருந்தது: ஒன்று, இரண்டு. மற்ற இரண்டில் ஈரத்தில் ஊறி உரிந்து போயிருந்தது. ஒரு புட்டி மங்கிய பழுப்பு. இன்னொன்று பால் போல வெள்ளை.

எது மூன்று, எது நான்கு?

செல்வராணி பத்தடி தூரத்தில்தான் இருந்தாள். எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் அவள் பக்கத்தில் அவள் அண்ணன் நின்றார். என் தெரு எது என்று கேட்டவரும் நின்றார். நான் போகவில்லை. சாமிக்கண்ணுவின் நிலம் ஆலைப் பள்ளத்தை ஒட்டித்தானே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொன்றும் உண்டு. காலனியில் குடிக்கிற தண்ணீர் இப்படி இருக்கும் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. பேனாவை எடுத்து, வெள்ளைப் புட்டியின் கண்ணாடி மூடியைச் சுற்றிக் கட்டிய நூல் துணியில் மூன்று என்று எழுதினேன். பழுப்பில் நான்கு.

ஏழுமலை திரும்பி வந்தார். "எங்க பொண்ண நான் வூட்டுக்கு இட்டுனு போறேன். போலீசு வரும், இங்க இருக்கக் கூடாது. நீ தனியாப் போயிடுவியாம்மா?"

தலையாட்டினேன். அவரே கூடையைத் தூக்கி, மரத்தின் மேலேறி, மறுபக்கம் இறங்கி, நான் சுற்றி வரும்வரை காத்திருந்து கையில் கொடுத்தார். "பாத்துப் புடி. தூக்கிக்கினு ஓடாத. மொள்ளப் போ" என்றார்.

செல்வராணி அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கத்தினாள். கூட்டத்தின் இரைச்சலில் அது கேட்கவில்லை.

பொழுது சாயும்போது கல்லூரி போய்ச் சேர்ந்தேன். ஆய்வக உதவியாளர் பூட்டப் போனவர் எனக்காகத் திறந்து விட்டார். நான்கு புட்டிகளையும் அளந்து எழுதினேன்.

4

செல்வராணி கல்லூரிக்குத் திரும்பி வரவில்லை. ஏழுமலையைச் சில வாரம் கடலூர்ச் சிறையில் வைத்திருந்தார்கள். அண்ணன் உள்ளே இருக்கும்போது பெண்ணை விடுதிக்கு அனுப்ப அப்பாவுக்குத் துணிவில்லை. நான் இரண்டு கடிதம் எழுதினேன். பதில் வராததால் மூன்றாவது எழுதவில்லை.

ஆய்வறிக்கையை நான் முடித்தேன். போட்டியில் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் யாரோ ஒரு குடிநீர் வாரியப் பொறியாளர் அதைப் படித்துவிட்டுப் பிரதி கேட்டு வாங்கிப் போனார். பிறகு பேராசிரியர் அதைச் சுருக்கி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினார். "அந்தப் பெண் படிப்பை விட்டுவிட்டதே, பெயர் எதற்கு" என்றார். எனக்கு மேற்படிப்புக்கு அந்தக் கட்டுரை தேவைப்பட்டது. நான் மறுத்துப் பேசவில்லை. அந்த ஆறு பக்கத்தைக் காட்டித்தான் முதுகலைக்கு இடம் வாங்கினேன், அதை வைத்துத்தான் உதவித்தொகை, அதை வைத்துத்தான் இந்த ஊர்.

இங்கே என் காலைகள் இப்படி: ஆறரைக்குச் சைக்கிள், ஏழுக்கு வெள்ளை அங்கி, தானியங்கிக் கருவி காட்டும் உயிர்வளி அளவைக் குறித்து வைப்பது. மருந்து சொட்ட வேண்டாம், நிறம் பார்க்க வேண்டாம். புட்டியில் ஒட்டும் பார்கோடு தாளை எந்த ஈரமும் உரிக்காது. புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் மாதிரிகளைக் குழப்பாதீர்கள் என்று அடிக்கடி சொல்வேன். மிகக் கண்டிப்பானவள் என்று எனக்குப் பெயர்.

5

அப்பா இறந்த பிறகு, வாரிசுச் சான்றிதழுக்காகப் போன டிசம்பரில் கள்ளக்குறிச்சிக்குப் போனேன். இப்போது அது மாவட்டத் தலைநகரம். பள்ளிச் சான்றிதழில் தே. எஸ்தர், கடவுச்சீட்டில் எஸ்தர் தேவசகாயம். இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபிக்க எனக்கு நான்கு நாள் ஆனது. கிராம நிர்வாக அலுவலரிடம் போனால் வருவாய் ஆய்வாளர் என்றார், அவரிடம் போனால் தாலுகா அலுவலகம். ஒரு பிரிவில் நான் "ப்ளீஸ்" என்பதற்குப் பதில் பழக்கதோஷத்தில் ஜெர்மனில் "பிட்ட" என்று சொல்ல, அந்த எழுத்தர் "இன்னாத்த புட்டாங்க?" என்று நிமிர்ந்து பார்த்தார்.

ஐந்தாம் நாள் "கையெழுத்து நாளைக்கி" என்றார்கள். மத்தியானம் முழுக்கச் சும்மா. ரூத் கேட்ட கேள்வி உள்ளேயே இருந்தது. பேருந்து நிலையத்துக்கு வெளியே ஷேர் ஆட்டோ பிடித்து அந்த ஊருக்குப் போனேன்.

செல்வராணியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பக்கத்து ஊரில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கணவர் இறந்த பிறகு அப்பாவின் நிலத்துக்கே திரும்பி வந்து அவளே பயிர் வைக்கிறாள். என்னைப் பார்த்ததும் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள்.

"எஸ்தரு. கண்ணாடி போட்டுக்கினா எனுக்குத் தெரியாதா?"

கையோடு கொண்டுபோயிருந்த ஆறு பக்கத்தை அவளிடம் கொடுத்தேன். "உன் பேர் இதுல இல்ல. நான் விட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

பெயர்கள் அச்சாகியிருந்த இடத்தை அவள் பார்க்கவே இல்லை. விரலால் வரி வரியாகத் தடவிக்கொண்டு போய் அட்டவணையில் நின்றாள்.

"இன்னாடி இது. மூணும் நாலும் மாறிக் கீது."

"இல்ல. வெள்ளை மூணு."

"வெள்ள நாலு. நான்தான மருந்து ஊத்தனேன். காலனிக் கெணத்துல ஊத்தனப்ப பாலாட்டம் நின்னுச்சி, எனுக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சி. மரத்தாண்ட எங்கண்ணங்கிட்ட அத்தத்தான் காட்னு இருந்தேன். உங்கிட்டக் கூடக் கத்தனேனே, நாலு வெள்ளன்னு."

மரத்தடியில் ஒட்டு உரிந்து போனதையும், நானே ஊகித்து எண் எழுதியதையும் அவளிடம் சொன்னேன்.

அப்புறம் அவள் சொன்னதுதான் எனக்குத் தெரியாத மீதிக் கதை. அந்தப் பொறியாளர் அறிக்கையைக் காட்டி ஆழ்துளைக் கிணறு ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். அறிக்கை எந்தக் கிணறு செத்தது என்று சொன்னதோ அதற்குப் பக்கத்தில், சாமிக்கண்ணுவின் நிலத்தோரம், போர் போட்டுக் குழாயும் வைத்துவிட்டார்கள். நான்காம் கிணற்றுக்கு ஒன்றும் வரவில்லை.

"எனுக்கு அன்னிக்கே தெரியும், இது காலனிக்கு வரவேண்டிய போருன்னு. எப்டித் தப்பாச்சின்னுதான் அப்பத் தெரியல. அப்பாகிட்ட சொன்னேன். அவரு பேசல. எங்கண்ணன் ஜெயில்லர்ந்து வந்து நாலு மாசம்தான் இருக்கும். அவன்தான், அப்ப வந்து புடிக்கச் சொல்லுன்னான்."

"ஊர்ல விட்டாங்களா?"

"எங்க வுட்டாங்க. எங்க வழியா அவங்க கொடத்த எத்தினு வரதான்னு ஒரே சண்ட. எங்கண்ணன் கேக்கல, தொறந்தே வுட்டான். ஒரு வருஷம் எங்ககிட்ட யாரும் பேசல. எனுக்குப் பேசி வெச்சிருந்த மாப்ள வூடு வாணாம்னு பூட்டாங்க. வேற ஆள் வந்தாரு, நல்லவரு." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணன் போயி ரெண்டு வருஷம் ஆவுது. அவன் புள்ள அந்த ஒதுக்கீட்டுலதான் படிச்சி வேளாண்ம ஆபீசரா கீறான்."

நான் கட்டுரையைத் திருத்துகிறேன், அவள் பெயரையும் சேர்க்கிறேன் என்றேன்.

"பேரப் போடு. இன்ஷியல வுட்டுடாத. ஆனா மொதல்ல எங்கிட்ட சொன்னத காலனிக்காரங்ககிட்ட வந்து சொல்லு."

6

அந்தப் போர்க் குழாயடியில் காலனிப் பெண்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். ஆலை மூடிப் பல காலம் ஆகிவிட்டது, வீட்டுக்கு வீடு இணைப்பும் வந்துவிட்டது. ஆனாலும் குடிக்க இந்தத் தண்ணீர்தான் என்றார்கள். செல்வராணி அவர்களில் மூத்தவரான பவுனு என்பவரிடம் என்னைக் காட்டி, "அன்னிக்கிப் பாட்டில்ல புடிச்சினு போனோமே, அந்தப் பொண்ணு" என்றாள்.

நான் சொன்னேன். மரம், கூட்டம், உரிந்த காகிதம், நான் எழுதிய எண்கள். என் தெருவும் காலனிதான் என்பதையும், பயத்தில் பத்தடி நடந்து கேட்காமல் விட்டதையும் சொன்னேன். இடையில் என் தமிழ் தடுமாறியது.

பவுனு குடத்தை இறக்கி வைத்தார்.

"இந்தப் போரு அப்ப எங்களுதா?"

"ஆமாங்க."

"இது தொறந்து விடற வரிக்கும் ஒரு கோட, ஒரு மழ அந்தக் கெணத்துலயே எறச்சோம். என் சின்னப் பையனுக்கு வயிறு சரியாவவே இல்ல. தர்மாஸ்பத்திரிக்கும் வூட்டுக்கும் நடந்தேன்." குரலில் கோபம் இல்லை. நடந்ததைச் சொல்லும் குரல். "நல்லாயிட்டான். இப்ப திருப்பூர்ல கீறான்."

"தப்பு என்னுதுங்க."

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஏம்மா, அத்தினி மருந்து ஊத்திப் பாத்தீங்களே. நாங்க டெய்லி குடிச்சினு இருந்தோம். வாயில வெச்சா புளிக்கும், பாதி சோறு வடிக்கறதுக்குள்ள நாறும். எந்தக் கெணறும்மா கெட்டதுன்னு எங்கள ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்போமே."

அந்தக் காலனிக்கு நான் மூன்று முறை போயிருந்தேன். தப்படி எண்ணினேன், ஆழம் அளந்தேன். நானும் ஒரு காலனியிலிருந்து வந்தவள்தான். அந்தத் தண்ணீரைக் குடித்த ஒருவரிடமும் நான் பேசவில்லை. என் நோட்டில் பேச்சுக்கு ஒரு கட்டமே இல்லை.

பவுனு குடத்தைக் கழுவி நிரப்பி, ஒரு சொம்பில் மொண்டு நீட்டினார். குடித்தேன்.

மறுநாள் சான்றிதழ் கிடைத்தது. ஜெர்மனிக்குத் திரும்பியதும் ஆய்விதழுக்கு எழுதினேன். மாதக்கணக்கில் படிவங்கள். பேராசிரியர் இப்போது இல்லை என்பதற்கு அவர் குடும்பத்திலிருந்து ஒரு கடிதம். செல்வராணி கள்ளக்குறிச்சியில் ஒரு கணினிக் கடைக்குப் போய், ஒப்புக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். இத்தனை வருடம் கழித்து, மூல நோட்டும் இல்லாமல், பிழை இருப்பது எப்படித் தெரியவந்தது, ஆதாரம் என்ன என்று ஆசிரியர் குழு கேட்டது. நடந்ததை எழுதினேன். இதை வாய்மொழித் தகவல் என்று குறிக்கலாமா என்றார்கள். குறிக்கலாம், ஆனால் யாருடைய வாய்மொழி என்றும் போட வேண்டும் என்றேன்.

சென்ற மாதம் திருத்தம் வெளிவந்தது. அட்டவணையில் மூன்றும் நான்கும் இடம் மாறியிருக்கின்றன. கட்டுரையின் தலைப்பில் இப்போது மூன்று பெயர்கள். கீழே, ஆதாரம் என்ற இடத்தில், இரண்டு வரிகள்:

சா. செல்வராணி, மாதிரி எடுத்தவர்.

மு. பவுனு, நான்காம் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்.